தேக்காவில் தொடங்கும் மலைச்சாலை



விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம், என் நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் பயணக் கட்டுரையை வாசித்தாள். அமெரிக்காவில் உறவினருடன், படுக்கையும் அடுப்பும் உள்ள வீட்டு வண்டியில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குச் சென்று, மலையடிவாரத்தில் இரவு தங்கினாளாம். கேட்டுக்கொண்டிருந்த ஒரு பையன், "நம் ஊர் மலையில் அப்படித் தங்கலாமா, ஆசிரியர்?" என்றான். முடியாது. கூடாரம் போட ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் போன்ற பூங்காக்களுக்குத்தான் அனுமதி வாங்கலாம். புக்கித் தீமா இயற்கைக் காப்பகத்திற்கு மாலைக்குமேல் அனுமதி இல்லை.

அந்தப் பதிலோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்த மலைப்பக்கம் இரவு தங்கியவர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள் என்பதும், அவர்களுள் பலர் நம் மொழி பேசியவர்கள் என்பதும் நினைவுக்கு வந்தன.

யெல்லோஸ்டோன் 1872இல் உலகின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 163.63 மீட்டர் உயரமே உள்ள நம் குன்று அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்குப் பின், 1883இல், வனக்காப்பகமானது. நம் முதியவர்கள் 'பூமலை' என்றழைக்கும் தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளர் நத்தேனியல் கேன்ட்லி கொடுத்த அறிக்கையே அதற்குக் காரணம். கம்பியர், மிளகுத் தோட்டங்களுக்காகத் தீவின் காடுகள் அதற்குள் பெரும்பாலும் அழிந்திருந்தன. எஞ்சியதைத்தான் காத்தார்கள் என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை.

அக்காடு எப்படி இருந்தது என்பதை 1854இல் அங்கே தங்கிய ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் எழுதியிருக்கிறார். மரம் அறுப்போர் விட்டுச்சென்ற துண்டுகளிலும் தூளிலும் தேடியே ஏறத்தாழ 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். வண்டு பிடிக்கப் போகிறவருக்குப் புலிக்குழியில் விழும் அச்சமும் இருந்தது! பதினைந்து, இருபது அடி ஆழக் குழிகள் அவை. முன்பு அவற்றின் அடியில் கூர்முனைக் கழி நட்டிருப்பார்களாம். வழிப்போக்கர் ஒருவர் விழுந்து இறந்தபின் அது தடை செய்யப்பட்டது.

இந்தக் காட்டை ஊடுருவிச் சாலை போட்டவர்கள் இந்தியக் கைதிகள். 1825 ஏப்ரலில் பென்கூலனிலிருந்து முதல் தொகுதியினர் இங்கு வந்தனர். சென்னை, வங்காள, பம்பாய் மாகாணங்களில் தண்டனை பெற்று நாடு கடத்தப்பட்டவர்கள். 1843இல் உச்சிவரை பாதை போடப்பட்டது; 1845இல் புக்கித் தீமா சாலை கிராஞ்சியை எட்டியது. ஊருக்கு வெளியே வேலை செய்த குழுவினர் பணியிடத்தருகே தற்காலிகக் கொட்டகைகளில் தங்கினர். அவர்களை மேற்பார்த்த 'தண்டல்'களும் கைதிகளே. சிறை அதிகாரியாயிருந்த மெக்நேர் 1899இல் வெளியிட்ட நூலின் பெயரே 'கைதிகளே தம் காவலர்' என்னும் பொருள் தருவது. புலி வேட்டைக்கும் கைதிகளிலிருந்து ஆள் எடுத்தார்கள். சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் சேர்த்த சென்னைச் சாந்தால் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயச் சுவரைப் பூசியவர்களும் இவர்களே. 1873இல் பிராஸ் பாசா சிறை மூடப்பட்டபோது பலர் அந்தமானுக்கு அனுப்பப்பட்டனர். விடுதலை பெற்றவர்கள் சிலர் இவ்வூரிலேயே தங்கிவிட்டனர்.

இதை வகுப்பில் சொன்ன மறுநாள் ஒரு தந்தையார் தொலைபேசியில் அழைத்தார். குரலில் கோபமில்லை, வருத்தம் இருந்தது. "வணிகர்கள், ஆசிரியர்கள் என்று சொல்ல எவ்வளவோ பேர் இருக்க, கைதிகளைப் பற்றி ஏன் சொல்கிறீர்கள், டீச்சர்? மற்ற பிள்ளைகள் எங்கள் பையனைக் கேலி செய்யமாட்டார்களா?" என்றார். அவர் கவலையை நான் சிறிதாக எண்ணவில்லை. சிறுபான்மையினராக வாழும் எவருக்கும் எழும் கவலைதான் அது. ஆயினும் நாராயண பிள்ளையை மட்டும் சொல்லிவிட்டு, கல் உடைத்தவனை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அவன் செய்த குற்றம் எதுவோ, போட்ட சாலையில் இன்றும் பேருந்து ஓடுகிறது. பல ஆண்டுகள் நானும் பாடத்தில் இதை ஒரே வரியில் கடந்து சென்றவள்தான் என்பதை அவரிடம் ஒப்புக்கொண்டேன். நேரில் வந்து பாருங்கள் என்று அழைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை காலை ஒன்பது பிள்ளைகளும் சில பெற்றோரும் தேக்கா சந்தை அருகே கூடினோம். சிராங்கூன் சாலையும் புக்கித் தீமா சாலையும் சந்திக்கும் முனை அது. வாழையிலையும் கறிவேப்பிலையும் வாங்க வாரந்தோறும் வருகிறோம். மலைக்குப் போகும் சாலை அங்கேதான் தொடங்குகிறது என்று எத்தனை பேர் நினைத்திருப்போம்? 170ஆம் எண் பேருந்தில் ஏறினோம். அந்தத் தந்தையாரும் வந்திருந்தார். மலையேற்றத்தின் செங்குத்தான தார்ப்பாதையில் எனக்குத்தான் மூச்சு வாங்கியது. உச்சியில் உயரம் பொறித்த கல்லின் முன் நின்று, "இங்கேயா புலி இருந்தது?" என்று பிள்ளைகள் கேட்டபோது, என்னை முந்திக்கொண்டு அவரே சாலை போட்ட கதையைச் சொல்லத் தொடங்கினார். அவருடைய மகன் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து அவரிடம் நீட்டினான்.