அவருக்கு என்ன குறைச்சல்?

பெரிய மனிதர் யாராவது பணமோசடியில் பிடிபட்டால் நம்மூரில் முதலில் எழும் கேள்வி, “அவருக்கு என்னங்க குறைச்சல்?” என்பதுதான். பூட்டை உடைத்தவனைப் பற்றி யாரும் இப்படிக் கேட்பதில்லை. இல்லாதவன், திருடினான், அவ்வளவுதான். காரணம் கேட்கப்படுவதே ஒரு சலுகை என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

1906இல் மதராஸும் இதையேதான் கேட்டிருக்கும். அர்பத்னாட் கம்பெனி 1810இல் தொடங்கியது. பாரி, பின்னி என்ற பெயர்களோடு சேர்த்துச் சொல்லப்பட்டது. மூன்றில் இதுதான் கெட்டி என்று பேச்சு. வியாபாரத்தோடு வங்கித் தொழிலும் நடத்தினார்கள். ஆயிரக்கணக்கானோர் சேமிப்பைக் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். அக்டோபர் 22, திங்கட்கிழமை, கம்பெனி முறிந்தது. லண்டன் கூட்டாளி மக்ஃபேடியன் அதற்குச் சற்று முன்புதான் தற்கொலை செய்துகொண்டிருந்தார். மதராஸ் பணம் அவர் கைவழியே ஊக வணிகத்தில் கரைந்திருந்தது.

செத்தவர் மேல் பழியைப் போடுவது எளிது. ‘நல்ல மனுஷன், கூட்டாளி கெடுத்துட்டான்’ என்று முடித்துவிடலாம். ஆனால் கம்பெனி உள்ளுக்குள் மூழ்கிக்கொண்டிருந்தபோதும் மதராஸில் டெபாசிட் வாங்குவது நிற்கவில்லை. நிறுத்தினால் பெயர் போய்விடும்; அந்தப் பெயரை நம்பித்தானே ஜனங்கள் பணம் போட்டார்கள்! குறை இல்லாதவருக்குத்தான் இழப்பதற்கு நிறைய இருக்கிறது. நீதிமன்றம் சர் ஜார்ஜ் அர்பத்னாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் விதித்தது. ‘சர்’ பட்டம் பெற்ற வெள்ளைக்காரர் ஜெயிலுக்குப் போனது அன்றைக்குச் சின்ன விஷயமில்லை.

வறுமைதான் குற்றத்தின் தாய் என்ற நினைப்பை, 1939இல் அமெரிக்க சமூகவியலாளர் எட்வின் சதர்லாண்ட் நேரடியாக மறுத்தார். ‘வெள்ளைக் காலர் குற்றம்’ என்ற பெயரும் அவர் கொடுத்ததே. கூடப் பழகுகிறவர்களிடமிருந்து தொழில் கற்பதுபோலவே மோசடியையும் கற்கிறார்கள், அதை நியாயப்படுத்தும் பேச்சையும் சேர்த்து, என்றார். 1949இல் வந்த அவர் நூலில் நிறுவனங்களின் பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. பெயர்களோடு கூடிய பதிப்பு வர 1983 ஆயிற்று! பிக்பாக்கெட்காரனுக்கு இந்த மரியாதை கிடைக்குமா?

சத்யம் ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7 அன்று எழுதிய கடிதத்தைப் படித்தால் அர்பத்னாட்டின் நிழல் தெரியும். சின்ன இடைவெளியாகத் தொடங்கியது வருஷாவருஷம் வளர்ந்தது என்றார். வங்கியிலும் ரொக்கமாகவும் இருப்பதாகக் காட்டிய தொகையில் 5,040 கோடி ரூபாய் கிடையவே கிடையாது. ‘பேராசை’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டோம். எனக்கு அது போதவில்லை. பேராசை என்பது ஆரம்பத்தைச் சொல்லலாம். வருஷக்கணக்கில் பொய்க்கணக்கு எழுதும் சிரத்தையை அது எப்படிச் சொல்லும்?

மதராஸில் அர்பத்னாட் வழக்கில் முன்னின்ற வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர், இந்தியர்களே நடத்தும் வங்கி வேண்டும் என்று கிளம்பினார். அடுத்த ஆண்டே, 1907 ஆகஸ்ட் 15 அன்று, இந்தியன் வங்கி திறந்தது. அதிலும் ஜனங்கள் பணம் போட்டார்கள், ஊரில் மதிப்பான பெயர்களை நம்பித்தான்.