அடுப்படியில் பிறந்த தலியான்

பொலெந்தாவைக் கத்தியால் வெட்டமாட்டார்கள். கொதிக்கும் நீரில் மக்காச்சோள மாவைத் தூவி, கை கடுக்கக் கிண்டி, களி பதத்தில் இறுகியதும் மரப்பலகையில் கவிழ்ப்பார்கள். சற்று ஆறியதும் ஒரு நூலை இரு கையாலும் இழுத்துப் பிடித்து, அடியில் கொடுத்து மேலே தூக்கினால் துண்டு சுத்தமாகப் பிரிந்து வரும். தெற்கு பிரேசிலில், ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்து மலையூர்களில் வாழும் குடும்பங்களுக்கு இந்த நூல் வித்தை இத்தாலியிலிருந்து வந்த பூட்டன் பூட்டி கொடுத்த சீதனம். ஆனால் அந்த அடுப்படியில் கேட்கும் பேச்சு அப்படிக் கப்பலில் வந்ததல்ல. தலியான் என்கிற அந்த மொழி இந்த மலையில் பிறந்தது. அதற்கு வயது சுமார் 150.

அதைப் பேசியவர்களில் பெரும்பாலோர் வெனெத்தோ வட்டாரத்தார். வெனெத்தோ 1866-இல்தான் இத்தாலியோடு சேர்ந்தது. நிலம் பெரும்பாலும் பண்ணையார் கையில். உழுதவன் வீட்டில் மூன்று வேளையும் பொலெந்தாதான். வேறெதுவும் இல்லாமல் மக்காச்சோளத்தையே தின்றவர்களைப் பெல்லாக்ரா பிடித்தது. தோல் வெடிக்கும், வயிறு போகும், முற்றினால் சித்தம் கலங்கும். போதாததற்கு 1869 முதல் தானியம் அரைக்கவும் வரி. இந்த நேரத்தில்தான் பிரேசில் அரசு தன் தெற்கு மலைக்காடுகளில் குடியேற ஆள் தேடியது. முகவர்கள் ஊர் ஊராக வந்து 'மெரிக்கா' என்று அவர்கள் வாயில் வழங்கிய அமெரிக்கா பற்றிச் சொன்னார்கள். 1875-இல் முதல் குடும்பங்கள் வந்து இறங்கின. கடலில் ஏறத்தாழ ஒரு மாதம், பிறகு காயி ஆற்றில் படகு, பிறகு கோவேறு கழுதையும் நடையும். வந்து பார்த்தால் வீடு இல்லை, பாதை இல்லை. கடனுக்குக் கொடுத்த காட்டுத் துண்டு மட்டும் இருந்தது. அரவ்காரியா மரத்தின் கொட்டைகளைச் சுட்டும் அவித்தும் தின்று பசியாறினார்கள். அந்தக் காடும் யாருமற்ற காடல்ல. காய்ங்காங் பழங்குடியினர் நடமாடிய இடம் அது. இன்றைய கஷியாஸ் டோ சுல் நகரின் பழைய பெயரிலேயே அவர்களைக் குறிக்கும் வசைச்சொல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. குடியேறியவர்களின் துயரத்தைச் சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நிலம் அளந்து கொடுத்தவர்கள் யார் எந்த ஊர் என்று பார்க்கவில்லை. விசென்சாக்காரருக்குப் பக்கத்து நிலம் பெர்கமோக்காரருக்கு, அதற்கடுத்தது த்ரெந்தோவிலிருந்து வந்தவருக்கு என்று விழுந்தது. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் பாதிதான் விளங்கும். பையனை வெனெத்தோக்காரர் 'தோசோ' என்பார். பெர்கமோக்காரர் சொல்லும் 'ஸ்செத்' வேறு வேரிலிருந்து வந்தது. பொதுவாக இத்தாலிய மொழியில் பேசிக்கொள்ளலாமே என்று நமக்குத் தோன்றும். அந்த மொழி அவர்களுக்குத் தெரியாது. 1861-இல் இத்தாலி ஒரே நாடானபோது இத்தாலிய மொழி அறிந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை என்பது மொழியறிஞர் துல்லியோ தெ மௌரோவின் கணக்கு. இவர்கள் அறிந்ததெல்லாம் அவரவர் ஊர்ப் பேச்சு.

அந்தப் பேச்சுகள் ஒன்றோடொன்று உரசிக் கலந்த இடத்தின் பெயர் ஃபிலோ. வெனெத்தோவில் குளிர்கால இரவுகளில் விறகு வாங்க முடியாதவர்கள் மாட்டுக்கொட்டிலில் கூடுவார்கள். மாடுகளின் மூச்சுச் சூடுதான் அவர்களுக்குக் கணப்பு. அந்தக் கூடுகைதான் ஃபிலோ. பிரேசிலில் விறகுக்குப் பஞ்சமில்லை. ஆகவே அது சமையலறைக்கு இடம் மாறியது. தீ பரவிவிடக் கூடாதென்று வீட்டிலிருந்து தள்ளிக் கட்டிய சமையலறை. வேலை முடிந்ததும் அக்கம்பக்கத்தார் இருட்டில் நடந்து வந்து சேர்வார்கள். ஜெபமாலை முடிந்ததும் ஆண்கள் சீட்டை எடுப்பார்கள். பெண்கள் கோதுமை வைக்கோலைத் தொப்பிக்காகப் பின்னுவார்கள். விரல்கள் தானாக ஓடும், வாய் ஓயாது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு சாம்பலில் வேகும். பிறந்த ஊர்க் கதை, பேய்க்கதை, பாட்டு, வம்பு எல்லாம் அங்கேதான். விசென்சாவின் பையன் பெர்கமோவின் பெண்ணைப் பார்த்ததும் பல நேரம் அங்கேதான். அவர்களுக்குப் பிறந்த குழந்தை பேசியது அப்பன் பேச்சும் அல்ல, ஆத்தாள் பேச்சும் அல்ல. வெனெத்தோக்காரர்களே அதிகம் என்பதால் அச்சு அவர்களுடையதாக நின்றது. மற்ற ஊர்ச் சொற்கள் அதில் வந்து ஒட்டின. புது மண்ணின் பொருள்களுக்குப் பேரில்லாதபோது போர்த்துகீசியத்தில் கைவைத்தார்கள். காடு வெட்டித் திருத்திய நிலம் 'ரோசா' எனப்படும் அங்கே. அதையே தம் நாக்குக்கு ஏற்ப எடுத்துக்கொண்டார்கள். காடு வெட்டும் பெரிய கத்தி 'ஃபகோன்' ஆனது. ஒரு மொழி உருவாவதை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கும் வாய்ப்பு அபூர்வம்.

1924-இல் தலியான் ஒரு கதையாக அச்சேறியது. காரிபால்டி என்ற ஊரிலிருந்து வந்த ஒரு வாரப் பத்திரிகையில் கப்புச்சின் துறவி அக்கிலிஸ் பெர்னார்தி எழுதிய தொடர்கதை அது. நாயகன் நனேத்தோ பிபேத்தா, சொர்க்கபோகம் தேடி மெரிக்கா வந்த வெகுளிப் பையன். போகும் இடமெல்லாம் அடிபடுவான், பசித்திருப்பான். படிக்கத் தெரிந்தவர் வாசிக்க வீடே கேட்டது. 1925-இல் அந்தாஸ் ஆற்றில் நனேத்தோ மூழ்குவதோடு கதை முடிந்தது.

பன்னிரண்டு ஆண்டுகளில் மொழியும் மூழ்கத் தொடங்கியது. 1937-இல் சர்வாதிகாரியான கெட்டூலியோ வர்கஸ், நாட்டில் போர்த்துகீசியம் மட்டுமே கேட்க வேண்டும் என்றார். பிற மொழிப் பள்ளிகள் மூடப்பட்டன. 1942-இல் பிரேசில் இத்தாலியோடு போரில் இறங்கியபின் தெருவில் தாய்மொழி பேசியவர்களைச் சிறையில் தள்ளினார்கள். போர்த்துகீசியமே தெரியாத கிழவிகள் கடைக்குப் போகவே அஞ்சினார்கள். போர் முடிந்தும் அச்சம் வெட்கமாக மாறி நின்றது. போர்த்துகீசியத்தின் வல்லின றகரம் வராமல் இடையின ரகரத்தில் பேசிய பிள்ளைகளைப் பள்ளியில் பட்டிக்காட்டான் என்று சிரித்தார்கள். அந்தப் பிள்ளைகள் பெற்றோரானபோது வீட்டில் தலியானை நிறுத்திக்கொண்டார்கள். சிறையைவிட இந்தச் சிரிப்புதான் மொழியை அதிகம் அரித்தது என்று நினைக்கிறேன்.

பேரப்பிள்ளைகள் இப்போது வேரைத் தேடுகிறார்கள். பலர் தேடியது காகிதத்தில். ஓட்டனின் ஞானஸ்நானப் பதிவு, எழுத்தர் தப்பாக எழுதிய குடும்பப்பெயர், இத்தாலியக் குடியுரிமை மனு. 2025-இல் இத்தாலி புதுச் சட்டம் கொண்டுவந்து அதைப் பெற்றோர், தாத்தா பாட்டி தலைமுறையோடு நிறுத்திவிட்டது. 1875-இல் கப்பலேறியவரின் வழியில் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் கதவு சாத்தியாயிற்று. நாக்கில் இருக்கும் வழியை எந்தச் சட்டமும் சாத்த முடியாது. தலியான் பேசுகிறவர் வெனெத்தோ போனால் முதியவர்களோடு மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசலாம். அங்கே வழக்கொழிந்த சில சொற்களையும் அவர்கள் இவர் வாயில் கேட்கலாம்.

2009-இல் செராஃபினா கொரேயா என்ற சிற்றூர் தலியானைப் போர்த்துகீசியத்தோடு தன் ஆட்சிமொழியாக்கியது. 2014-இல் பிரேசில் அரசின் மரபுக்காப்பு நிறுவனம் நாட்டின் பண்பாட்டுச் சொத்தாக முதலில் ஏற்ற மூன்று மொழிகளில் இதுவும் ஒன்று. மற்ற இரண்டும், குவாரானி ம்பியாவும் தொகன்தின்ஸ் அசுரினியும், அந்த மண்ணின் பழங்குடி மொழிகள். நனேத்தோவையும் ஆற்றோடு போக விடவில்லை. பின்னால் வந்த எழுத்தாளர்கள் அவனைக் கரையேற்றி, திரும்பி வந்த நனேத்தோவின் கதையைத் தலியானிலேயே தொடர்ந்து எழுதினார்கள்.