தோட்டப் பள்ளிகளில் ஆங்கிலமும் கருவிகளும்: 1972 முதல் 2021 வரை

நம் நாட்டுக் கல்வி வரலாற்றை எழுதுவோர் அறிக்கைகளையும் சட்டங்களையும் நிரல்படுத்திக் காட்டுவர். 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கை, 1960ஆம் ஆண்டின் ரஹ்மான் தாலிப் அறிக்கை, 1961ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் என அந்நிரல் நீளும். வகுப்பறைக்குள் வந்து சேர்ந்த கருவிகளுக்கு அதில் இடமில்லை. ஆயினும் கோலா கெத்தில் வட்டாரத்திலும், சூழவுள்ள பாலிங், கூலிம், கோலா மூடா மாவட்டத் தோட்டங்களிலும் தமிழ்ப்பிள்ளைகள் ஆங்கிலம் கற்ற வரலாற்றை அக்கருவிகளை விலக்கிவிட்டுச் சொல்ல இயலாது.

வீட்டில் ஒலிக்காத மொழி

தோட்டத்துப் பிள்ளைக்கு வீட்டிலும் கோயிலிலும் தமிழ். கடைத்தெருவிலும் அலுவலகத்திலும் மலாய். ஆங்கிலம் அதன் செவியில் விழுவது பெரும்பாலும் வகுப்பறையில், ஆசிரியர் ஒருவரின் வாய்மொழியாக மட்டுமே. 1962 முதல் 1983 வரை அமெரிக்க அமைதிப் படையின் தொண்டர்கள் நம் நாட்டுப் பள்ளிகளில் ஆங்கிலமும் அறிவியலும் கணிதமும் கற்பித்தனர். நாடு முழுவதற்கும் அத்தகையோரை அனுப்புதல் எந்த அரசுக்கும் இயலாது. மனிதர் செல்ல முடியாத இடத்திற்குக் குரலையாவது அனுப்பலாம் என்னும் எண்ணத்திலிருந்தே கல்விக் கருவிகளின் மீதான நம்பிக்கை பிறந்தது.

1972 ஜூன் 19ஆம் நாள் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. அக்காலத்தில் பல தோட்டங்களில் மின்சாரம் என்பது தோட்ட நிருவாகத்தின் மின்னாக்கி மாலை வேளையில் தரும் சில மணி நேர வெளிச்சமே. பாடம் ஒளிபரப்பாவதோ பகலில். ஒளிபரப்பு யாருக்காகவும் காத்திருப்பதில்லை; தவறிய பாடத்தைத் திருப்பிக் கேட்கவும் வழியில்லை. தோட்டக் குடியிருப்புகளுக்கு மின்சாரம் உள்ளிட்ட அடிப்படை வசதிகளை வலியுறுத்தும் சட்டம் 1990ஆம் ஆண்டில்தான் வந்தது. கருவி முதலில் வந்தது. அதை இயக்கும் மின்சாரம் பின்னரே வந்தது. இவ்வரிசை பிற்காலத்திலும் மாறவில்லை.

2003: மொழியும் கருவியும் ஒன்றாய்ப் பிணைந்தன

2003ஆம் ஆண்டு ஜனவரியில் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் முதலாம் ஆண்டிலும், இடைநிலைப் பள்ளியின் முதலாம் படிவத்திலும், கீழ்நிலை ஆறாம் படிவத்திலும் ஒரே சமயத்தில் தொடங்கியது. தமிழ்ப்பள்ளிகளும் இதற்கு விலக்கல்ல. மடிக்கணினி, எல்சிடி படவீழ்த்தி, வெண்திரை, பாடக் குறுவட்டுகள் ஆகியவை பள்ளிகளுக்கு வழங்கப்பெற்றன. ஆசிரியர்களுக்கு ஆங்கிலப் பயிற்சியும் தனிப்படியும் கிடைத்தன.

இங்கு ஆழ்ந்து நோக்கத்தக்க ஒன்று உண்டு. தமிழில் கற்று, தமிழில் கற்பித்துப் பழகிய ஆசிரியருக்குக் குறுவட்டின் குரலே ஆங்கிலத்தின் ஊன்றுகோலாயிற்று. எனவே கருவி நின்றால் படம் மட்டும் மறையவில்லை. பாடத்தின் மொழியும் உடன் நின்றது.

கருவி நிற்பதற்கோ காரணங்கள் பல. காற்றின் ஈரப்பதம் படவீழ்த்தியின் உறுப்புகளை அரித்தது. இடியும் மின்னலும் மிகுந்த நம் வானிலை மின்சுற்றுகளைப் பழுதாக்கியது. படவீழ்த்தியின் விளக்கு குறிப்பிட்ட மணி நேரமே எரியும். மாற்று விளக்கின் விலையோ மிகுதி. குறுவட்டில் கீறல் விழுந்தால் பாடம் பாதியில் உறைந்துவிடும். காற்றுக்காகத் திறந்து வைத்த சன்னல்களின் வெளிச்சத்தில் திரைப்படம் வெளிறும். சன்னல்களை மூடினால் புழுக்கம். துத்தநாகக் கூரையில் மழை பெய்தால் ஒலிபெருக்கியின் குரல் கேட்காது. நூற்றைம்பதுக்கும் குறைவான மாணவரைக் கொண்ட பள்ளிகளை அரசே குறைந்த மாணவர் பள்ளிகள் என வகைப்படுத்துகிறது. தோட்டப் பள்ளிகள் பல அவ்வகையின. மாணவர் எண்ணிக்கையை ஒட்டி மானியம் அமைகையில், பழுது நீக்கும் செலவு சிறிய பள்ளிக்கே பெருஞ்சுமையாகும்.

அத்தகைய வேளையில் ஆசிரியர் செய்யக்கூடியது யாது? கரும்பலகையில் படம் வரைவார்; ஆங்கிலச் சொல்லை எழுதுவார்; விளக்கத்தைத் தமிழில் சொல்வார். திட்டத்தின் எந்த ஏட்டிலும் இடம்பெறாத தாய்மொழியே அதன் இறுதித் துணையாய் நின்றது.

2009 மார்ச் 7ஆம் நாள் கோலாலம்பூரில் இத்திட்டத்தை எதிர்த்துப் பெரும் பேரணி நடைபெற்றது. அதே ஆண்டு ஜூலை 8ஆம் நாள் அதனைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. தமிழ்ப்பள்ளிகளில் அவ்விரு பாடங்களும் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பின. மொழி திரும்பியதே அன்றிக் கருவி பற்றிய கேள்விகள் விடை காணப்பெறாமலேயே எஞ்சின.

இணையத்தின் காலம்

2011ஆம் ஆண்டு கையெழுத்தான 1பெஸ்தாரிநெட் திட்டம் ஏறத்தாழ 10,000 பள்ளிகளுக்கு இணையமும் மெய்நிகர் கற்றல் தளமும் வழங்க முனைந்தது. தளத்தை ஆசிரியர், மாணவர், பெற்றோர் பயன்படுத்திய அளவு 0.01 முதல் 4.69 விழுக்காடு வரையே இருந்ததாகத் தலைமைக் கணக்காய்வாளரின் 2013ஆம் ஆண்டு அறிக்கை சுட்டியது. 2019ஆம் ஆண்டில் அத்திட்டம் முடிவுற்றது.

அடுத்த ஆண்டே பெருந்தொற்று வந்தது. 2020 மார்ச் 18 முதல் பள்ளிக் கதவுகள் மூடப்பெற்றன. அப்போது கல்வி அமைச்சு நடத்திய ஆய்வில் 36.9 விழுக்காட்டு மாணவரிடம் மின்னியல் கருவி எதுவும் இல்லை எனத் தெரியவந்தது. 2021 பிப்ரவரி 17ஆம் நாள் கல்விக்கெனத் தனித் தொலைக்காட்சி அலைவரிசை தொடங்கப்பெற்றது. ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பின் நாம் மீண்டும் 1972ஆம் ஆண்டின் வழிக்கே வந்தோம்.

வரலாறு தரும் பாடம்

கருவிகள் வேண்டா என்பது இவ்வுரையின் கருத்தன்று. ஆங்கிலம் ஒலிக்காத ஊருக்கு அவ்வொலியைக் கொண்டுவரும் கருவி பெருங்கொடையே. ஆனால் ஒவ்வொரு திட்டமும் வாங்கும் விலையைக் கணக்கிட்டது. காக்கும் செலவையும் பழுது நீக்கும் ஆளையும் போதிய அளவு கணக்கிடவில்லை. கருவி நின்ற நாளில் ஆசிரியர் எதைக் கொண்டு கற்பிப்பார் என்பதும் திட்டத்தின் பகுதியாதல் வேண்டும். ஆங்கிலத்தைத் தாமே சரளமாகப் பேசவல்ல ஆசிரியரை உருவாக்கும் பயிற்சிக்கு மாற்றாக எந்தத் திரையும் நில்லாது.

மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். 2003ஆம் ஆண்டில் அவ்வகுப்புகளில் நின்ற ஆசிரியர் பலர் இன்று ஓய்வு பெற்றுவிட்டனர். எந்தக் கருவி எப்போது வந்தது, எத்தனை நாள் இயங்கியது, நின்றபின் என்ன செய்தனர் என்பவை அவர்தம் நினைவிலும் பழைய பள்ளிப் பதிவேடுகளிலுமே உள்ளன. தோட்டங்கள் துண்டாடப்பட்டுப் பள்ளிகள் இடம்பெயரும் காலத்தில் அப்பதிவேடுகளும் அழியும். அவர்களைத் தேடிச் சென்று கேட்டு எழுதுங்கள். அடுத்த திட்டத்தை வகுப்போர்க்கு அவ்வேடுகளே சான்றாகும்.