"நாய் இருக்கா சார்? அப்போ கஷ்டம்"

மக்களே, இன்னைக்குக் கொஞ்சம் நீளமா எழுதப் போறேன். வாடகை வீடு, நாய், ஒரு பழைய ஊசி. மூணுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்காம கூடவே வாங்க.

எனக்கு ஊர் ஏம்பலம். பாகூர் பக்கம், வில்லியனூர் பக்கம் போற வர்றவங்களுக்குத் தெரியும். வயலும் மாட்டுக்கொட்டகையும் உள்ள வீடு. அங்க எங்க கருப்பனுக்கு (நாட்டு நாய், வயசு 4) "நீ எங்க தங்குவ?"ன்னு ஒருத்தரும் கேட்டதில்லை. போன வருஷம் பசங்க படிப்புக்காகப் புதுச்சேரி டவுனுக்குக் குடி வரணும்னு ஆச்சு. லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை, ரெட்டியார்பாளையம்னு ஞாயிற்றுக்கிழமை தோறும் அலைஞ்சோம். டாக்டர்னு சொன்னதும் கதவு திறக்கும். நாய்னு சொன்னதும் மூடிடும். ஒரு புரோக்கர் மட்டும் மனசுல பட்டதை அப்படியே சொன்னார்: "லேப்ரடார்னா பேசிப் பார்க்கலாம் சார், நாட்டு நாய்னா கஷ்டம்."

இத்தனைக்கும் நாய்க்குக் கல் நட்டு வச்ச ஊருங்க இது. செங்கம் பக்கம் எடுத்தனூர்ல ஒரு நடுகல் இருக்கு. முதலாம் மகேந்திரவர்மனோட 34-வது ஆட்சியாண்டு, அதாவது சுமார் 1400 வருஷத்துக்கு முந்தையது. கருந்தேவகத்தின்னு ஒரு வீரன் எருமைகளைக் காக்கிற சண்டையில செத்துப் போறான். அவன் பக்கத்துலயே ஒரு நாயையும் செதுக்கி, ரெண்டு கள்ளர்களைக் கடிச்சுக் காவல் நின்ன சேதியை அதோட பேரோட கல்வெட்டா வெட்டி வச்சிருக்காங்க. பேரு கோவிவன். அந்தக் காலத்து மனுஷங்களுக்கே பல பேருக்குப் பேர் மிஞ்சல, இந்த நாய்க்கு மிஞ்சியிருக்கு.

அப்புறம் எங்க மாறிச்சு?

ஒரு காரணம் வீடு. புதுச்சேரியில தமிழர் பகுதி பழைய வீடுகளைப் பாருங்க, வைசியாள் வீதியில இன்னும் சிலது நிக்குது. தெருவோரம் தாழ்வாரம், அப்புறம் திண்ணை, அதுக்கப்புறம்தான் வாசக்கதவு, உள்ளே முற்றம். தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவுல ரெண்டு படி இடம். வழிப்போக்கனும் நாயும் படுக்கிறது அங்கதான். நாய் வீட்டுக்குள்ளயும் இல்ல, அநாதையும் இல்ல. திண்ணையை இடிச்சு கார் ஷெட் போட்டோம், அப்புறம் அடுக்குமாடி கட்டினோம். நடுவுல இருந்த அந்த இடம் போச்சு. இப்போ நாய்க்கு ரெண்டே வழி: ஹாலுக்குள்ள, இல்லாட்டி நடுரோட்டுல.

இன்னொரு காரணம் பயம். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன், ஏன்னா ரேபிஸ் அறிகுறி தெரிஞ்ச பிறகு மருத்துவத்தால ஏறக்குறைய ஒண்ணும் செய்ய முடியாது. வெள்ளைக்காரன் ஆட்சியில பதில் தடிதான். 1832-ல பம்பாயில தெருநாய்களை அடிச்சுக் கொல்றதை எதிர்த்து பார்சிகள் கலவரமே செஞ்சாங்க. கடைங்க அடைச்சு, கோட்டைக்குள்ள போற சாமான் நின்னு போச்சு. 1885-ல பாரிஸில் லூயி பாஸ்டர் 9 வயசு ஜோசப் மைஸ்டருக்குத் தடுப்பூசி போட்டுக் காப்பாத்தினார். அதுக்கப்புறமும் ரொம்ப வருஷம் இங்க கடிபட்ட வெள்ளைக்காரங்க சிலர் கப்பல் ஏறி பாரிஸுக்கே போனாங்க. நம்ம ஆளுங்களுக்கு ஏது கப்பல்? 1900-ல கசௌலியில ஒரு நிலையம் வந்தது. 1902-ல ஒரு ஆங்கிலேயப் பெண் ரேபிஸ்ல இறந்த பிறகுதான் தெற்குக்கும் ஒண்ணு வேணும்னு பேச்சு எழுந்து, ஹென்றி ஃபிப்ஸ்ங்கிற அமெரிக்கர் கொடுத்த பணமும் சேர்ந்து, 1907-ல குன்னூர் பாஸ்டர் நிலையம் திறந்தாங்க.

இனிமேதான் முக்கியமான இடம். கசௌலியில டேவிட் செம்பிள் உருவாக்கின தடுப்பூசி ஆட்டு மூளையில இருந்து தயாரிக்கிறது. தொப்புளைச் சுத்தி தினம் ஒரு ஊசி. "14 ஊசி"ன்னு நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்றது இதைத்தான். வலி ஒரு பக்கம். சிலருக்கு அந்த மருந்தே நரம்பைத் தாக்கிப் பக்கவாதம் வரைக்கும் போகும். கேட்டா ஆச்சரியப்படுவீங்க, இந்தியாவில் இதை 2004 இறுதியிலதான் நிறுத்தினாங்க. சுனாமி வந்த வருஷம்! அப்படின்னா இன்னைக்கு வீட்டு ஓனரா இருக்கிற 60, 70 வயசுக்காரங்க எல்லாருமே அந்த ஊசிக் காலத்துக் குழந்தைங்க. "நாய் வேணாம்"னு அவங்க சொல்றப்போ, பாதி அந்தத் தொப்புள் ஊசிதான் பேசுதுன்னு எனக்குத் தோணுது.

சட்டம் என்ன சொல்லுது? ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில முதல்ல எடுத்த முயற்சி, 1960-ல மிருகவதைத் தடுப்புச் சட்டமாச்சு. அதன்கீழ வந்த விலங்குகள் நல வாரியம் 2015-ல ஒரு சுற்றறிக்கை விட்டது: குடியிருப்போர் சங்கம் செல்லப்பிராணி வளர்க்கத் தடை போட முடியாது. 2021-ல கேரள உயர் நீதிமன்றமும் அதே திசையில தீர்ப்பு சொன்னது. ஆனா இது சங்கத்தைப் பத்தினது. வாடகைக்கு விடலாமா வேணாமான்னு வீட்டுக்காரர் முடிவு பண்றது வேற கதை. சுற்றறிக்கையைக் காட்டிச் சண்டை போட்டு வீடு வாங்க முடியாது. நாயை மறைச்சு வச்சுக் குடியேறவும் செய்யாதீங்க, மூணாவது நாள் குரைச்சுடும்.

எனக்குக் கடைசியா வீடு கிடைச்சது முதலியார்பேட்டையில. வீட்டுக்கார அம்மாவுக்கு 68 வயசு, பாகூர் பக்கத்துக்காரங்க. அவங்களும் முதல்ல "நாய் வேணாம் தம்பி"ன்னாங்க. ஏம்மான்னு கேட்டேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க: சின்ன வயசுல அவங்க தம்பியை நாய் கடிச்சிருக்கு. நாலாவது ஊசியோட பையன் வலி தாங்காம கரும்புக் கொல்லையில போய் ஒளிஞ்சுக்கிட்டான். "பாவம் அழறானேன்னு எங்கம்மாவும் விட்டுட்டாங்க." சில வாரம் கழிச்சு, கொடுத்த சொம்புத் தண்ணியைப் பார்த்து அலறியிருக்கான். மேலே நான் எதையும் கேட்கல.

நான் டாக்டரா பேச ஆரம்பிச்சேன். இப்போ ஊசி கையில, புஜத்துல. அரசு ஆஸ்பத்திரியில தோலுக்குள்ள போடுற முறையில 0, 3, 7, 28-ஆம் நாள், மொத்தம் 4 தடவை போனா போதும். கடிச்ச உடனே சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவணும். ரத்தம் வர்ற காயம்னா, காயத்துலயே இம்யூனோகுளோபுலினும் போடணும். நாய்க்கு வருஷா வருஷம் தடுப்பூசி. கருப்பனோட அட்டையை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஒவ்வொரு தேதியா விரல் வச்சுப் படிச்சாங்க.

"தொப்புள்ல இல்லையா இப்போ?"

"இல்லம்மா. கையில. வலி எறும்பு கடிச்ச மாதிரி."

அட்டையை மடிச்சுத் திருப்பிக் கொடுத்தாங்க. "மாடிக்கு ஏறக் கூடாது. திண்ணையில படுக்கட்டும். அடுத்த வருஷ ஊசி போட்டதும் எனக்குக் காட்டணும்."

வாடகையில மட்டும் ஒத்த ரூபா குறைக்கல.