பஞ்சமி நிலம்: ஆணை தந்ததைப் பதிவேடு பறித்த வரலாறு

தியாகராய நகரிலும் அடையாற்றிலும் இன்று ஒரு கிரவுண்டு நிலத்தின் விலை கோடிகளில் பேசப்படுகிறது. அவற்றை ஒட்டியுள்ள சைதாப்பேட்டை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியரின் தலைமையிடமாக இருந்தது. அம்மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்து 1891இல் அளித்த அறிக்கையே பஞ்சமி நிலத்தின் தொடக்கம்.

அறிக்கை கண்டது என்ன?

ஊரின் தரிசு நிலத்தின் மீதும் மிராசுதாரர்களுக்கே முன்னுரிமை இருந்தது. தலித் ஒருவர் தரிசு நிலம் கேட்டு விண்ணப்பித்தால் மிராசுதாரர் தடுக்க முடிந்தது. சேரியின் குடியிருப்பு மனைகூடப் பல ஊர்களில் அவர் பிடியில் இருந்தது. கூலி உயர்வு கேட்டவர் வீட்டை இழந்தார். வறுமைக்குக் காரணம் நிலமின்மை. நிலமின்மைக்குக் காரணம் சாதி என்பதை அரசின் ஆவணமே ஒப்புக்கொண்டது.

1892இல் சென்னை மாகாண அரசு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. மாகாணம் முழுவதும் வழங்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. முதல் 10 ஆண்டுகளுக்கு நிலத்தை விற்கவோ, தானம் செய்யவோ, அடமானம் வைக்கவோ கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அரசு திரும்பப் பெறலாம் என நிபந்தனைகள் விதிக்கப்பட்டன.

பறிபோனது எப்படி?

நிபந்தனை காகிதத்தில் இருந்தது; காகிதம் கர்ணத்தின் கையில் இருந்தது. கடனுக்கும் குத்தகைக்கும் ஈடாகப் பெற்ற நிலம், காலப்போக்கில் கடன் கொடுத்தவரின் அனுபவ நிலமாயிற்று. 1979 முதல் 1987 வரை நடந்த நில ஆவண மேம்பாட்டுத் திட்டத்தின்போது, பல ஊர்களில் நிபந்தனை நிலம் என்ற குறிப்பு மறைந்து சாதாரணப் பட்டாவானது என்பது நில மீட்பு இயக்கங்களின் நெடுநாள் குற்றச்சாட்டு.

இங்கே ஒரு வேறுபாட்டை நாம் தெளிவாகக் காண வேண்டும். 1961ஆம் ஆண்டின் உச்சவரம்புச் சட்டம், ஒருவரின் உபரி நிலத்தை இழப்பீடு தந்து எடுத்து மற்றவருக்கு வழங்குவது. 30 தர ஏக்கர் என்ற அதன் வரம்பு 1970இல் 15ஆகக் குறைக்கப்பட்டது. பஞ்சமி நில மீட்பு அத்தகையது அன்று. யாருடைய சொத்தையும் அது கேட்கவில்லை; அரசு தன் ஆணையைத் தானே நிறைவேற்ற வேண்டும் என்று மட்டுமே கேட்கிறது. அதற்கும் உயிர்ப்பலி தேவைப்பட்டது. காரணை கிராமப் பஞ்சமி நிலத்திற்கான போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகியோர் கொல்லப்பட்டனர்.

நேபாளம் தரும் பாடம்

10 ஆண்டுக்கால உள்நாட்டுப் போருக்குப் பின், 2006ஆம் ஆண்டின் அமைதி ஒப்பந்தம் நேபாளத்தில் அறிவியல்பூர்வமான நிலச்சீர்திருத்தத்தை உறுதியளித்தது. 2015ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, நிலமற்ற தலித்துகளுக்கு ஒருமுறை நிலம் வழங்குவதை அரசின் கடமையாக்கியது. ஆனால் ஆட்சி மாறுந்தோறும் நில ஆணையங்கள் கலைக்கப்பட்டு மீண்டும் அமைக்கப்படுகின்றன. உரிமையை எழுதுவது எளிது. அதைப் பதிவேட்டில் ஏற்றுவதே அரசியல்.

சென்னையிலும் இதே கேள்வி நிற்கிறது. நகரின் கால்வாய், ஆற்றங்கரைக் குடியிருப்புகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள், பெரும்பகுதி தலித்துகள், கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்திற்கும் அனுப்பப்பட்டனர். அவை பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்கள்தாம். திரமென்ஹீர் மனைப்பட்டா கேட்ட மாவட்டத்தில், அவர்களுக்குக் கிடைத்தது அடுக்குமாடியின் ஓர் அறை.

நாம் செய்யக்கூடியது

மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் தத்தம் ஊரிலிருந்தே தொடங்கலாம். பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெற்று, இன்றைய ‘அ’ பதிவேட்டுடன் புல எண் வாரியாக ஒப்பிட வேண்டும். ‘டி.சி. நிலம்’ என்ற குறிப்பு எந்த எண்ணில் மறைந்தது, அதன்பின் பட்டா யார் பெயருக்குச் சென்றது என்பதை வில்லங்கச் சான்றுடன் சேர்த்து அட்டவணையாக்க வேண்டும். பதிவேட்டில் இழந்ததைப் பதிவேட்டைக் கொண்டே மீட்க வேண்டியிருக்கிறது.