ஊவாத் தோட்டப்புறங்களில் சுவிசேஷ வாசிப்பு

இலங்கையின் ஊவா மாகாணத்திலே, பதுளை, பசறை, லுணுகலை, பண்டாரவளை, அப்புத்தளை முதலிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ்க் கிறிஸ்தவர்கள், மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்னும் நால்வர் பெயரால் வழங்கும் சுவிசேஷங்களைத் தனித்தும் கூடியிருந்தும் வாசித்து, வாசித்ததைத் தம் விசுவாசத்துக்கும் அன்றாட வாழ்வுக்கும் உரைகல்லாகக் கொள்ளும் வழக்கம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட சரித்திரமுடையது. தோட்டத் தமிழரிற் பெரும்பாலோர் இந்துக்களே, கிறிஸ்தவர் சிறுபான்மையினர். ஆயினும் நாட்கூலி, கடன், காரியஸ்தன், எசமான் என்னும் இவற்றைச் சுற்றியே பெரிதும் புனையப்பட்ட உவமைகளை, அவற்றுக்கு வியாக்கியானம் வேண்டாத வாழ்க்கையை உடைய மக்கள் வாசிக்கிறார்கள் என்னும் காரணத்தால், இவ்வாசிப்பு தனியே ஆராயத்தக்க சிறப்புடையது.

கோப்பிப் பயிர் செழித்திருந்த காலத்தில், 1854 இல், தோட்டத் துரைமார் சிலரின் முயற்சியாலும் சர்ச் மிஷன் சங்கத்தின் ஒத்துழைப்பாலும் 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கப்பெற்றது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டந்தோறும் நடந்து சென்று, எழுத்தறியாத தொழிலாளருக்குச் சுவிசேஷத்தை வாய்விட்டு வாசித்துக் காட்டினர். ஆகவே இங்கே சுவிசேஷம் முதலிற் கண்ணுக்கன்றிக் காதுக்கே வந்து சேர்ந்தது. அவ்வுபதேசியாருக்குரிய செலவைத் துரைமாரின் நன்கொடை தாங்கிற்று என்பதையும் மறைக்கலாகாது. கூலி கொடுப்பவன் பணத்தில் கூலி வாங்குபவனுக்குப் போதிக்கப்பட்ட வேதம், கீழ்ப்படிதலை மிகுத்தும் நீதியைக் குறைத்தும் ஒலித்திருக்க இடமுண்டு. பதுளை நகரில், 1845 இல் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்ட மேஜர் ரோஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியின் ஞாபகார்த்தமாக எழுப்பப்பட்டு 1857 இல் திறக்கப்பெற்ற பரிசுத்த மாற்கு ஆலயம் அக்காலத்துக்குச் சாட்சியாக இன்றும் நிற்கிறது. கத்தோலிக்கரோ, பாண்டிநாட்டுப் பங்குகளின் பக்தி முறைகளையும் அர்ச்சியசிஷ்டவர்களின் திருநாட்களையும் உடன் கொண்டுவந்தனர். அவர்களிடையே வேதப் புத்தகத்தைக் கையிலெடுத்து வாசிக்கும் பழக்கம் நெடுங்காலஞ் சென்றே வேரூன்றியது.

தமிழிற் சுவிசேஷ நூல்களுக்குக் குறைவிருந்ததில்லை. 1715 இல் தரங்கம்பாடியில் ஸீகன்பால்குவின் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. 1741 இல் ஒல்லாந்தரின் கொழும்பு அச்சகத்தில் மத்தேயு சுவிசேஷம் தனியே வெளிவந்தது. 1871 இல் பவர் தலைமையிலான குழுவினரின் முழு வேதாகமமும், 1995 இல் கத்தோலிக்கரும் புரொட்டஸ்தாந்தரும் கூடி வெளியிட்ட திருவிவிலியமும் பின்னர் வந்தன.

இவ்வாசிப்பின் தன்மையை விளக்க, மத்தேயு இருபதாம் அத்தியாயத்துத் திராட்சைத் தோட்ட வேலையாட்களின் உவமையைப் போன்ற உதாரணம் வேறில்லை. விடியலில் வந்தவனுக்கும், பொழுது சாய ஒருமணி நேரம் இருக்கையில் வந்தவனுக்கும் எசமான் ஒரே கூலியைக் கொடுக்கிறான். முந்தி வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். நகரத்துப் பிரசங்கிகள் இதனைத் தேவகிருபையின் அளவின்மைக்கு உவமையாக மட்டும் எடுத்துரைத்து அமைவர். ஆனால் அதிகாலையில் ஆட்கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று, மாலையிற் கொழுந்தை நிறுக்கும் தராசின் முன் நிற்கும் ஒருத்தி, முழுநாட் கூலியாகிய முழுப்பேருக்கும் அரைநாட் கூலியாகிய அரைப்பேருக்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவென்பதைத் தன் அடுப்பங்கரையிற் கண்டறிந்தவள். 2021 இல் சம்பளச் சபை நாட்கூலியை 1,000 ரூபாயாக நிர்ணயித்த பின்னரும், தோட்டம் குறித்த நிறைக்குக் கொழுந்து கொய்யாதவர்களுக்கு அது முழுமையாகக் கிட்டாமற் போனதுண்டு. அவள் வாசிக்கும்போது, ஒருமணி நேரம் உழைத்தவனுக்கும் முழுப்பேர் போட்டவன் கடவுள் என்பது உபமானமாக நில்லாமல், அவ்வேலையாளின் வீட்டிலும் அன்றிரவு உலை கொதித்தது என்னும் செய்தியாகிறது. அவ்வெசமான் தானே ஐந்து முறை சந்தைவெளிக்குச் சென்று வேலையற்று நின்றவர்களை அழைத்தான் என்பதும் அவள் கவனத்துக்குத் தப்பாது. அவளுடைய முன்னோரை அழைக்கத் துரை சென்றதில்லை, முன்பணத்துடன் ஆள்திரட்டும் கங்காணியே சென்றான். ஆகவே உவமையின் எசமானைத் தோட்டத்துத் துரைக்கு ஒப்பாக்கும் வாசிப்பு, துரைமாரின் காலத்தில் எத்துணை இயல்பாகத் தோன்றியிருப்பினும், பிழையான வாசிப்பே என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

அதே சுவிசேஷத்தின் பதினெட்டாம் அத்தியாயத்தில், பெருங்கடன் மன்னிக்கப்பெற்றவன் தன் உடன்வேலைக்காரனைச் சிறுகடனுக்காகக் கழுத்தைப் பிடித்து நெரிக்கிறான். இத்தோட்டங்களிலோ, தொழிலாளி பட்ட கடனைத் துண்டில் எழுதி, அதனைத் தீர்ப்பவனே அவனை வேறு தோட்டத்துக்கு அழைத்துச் செல்லலாம் என்றிருந்த வழக்கம் 1921 இலேயே சட்டத்தால் ஒழிந்தது. அதன் நினைவைப் பாட்டன் பாட்டிமாரிடமிருந்து பெற்ற குடும்பங்களில், கடன் மன்னிப்பு என்பது ஆத்துமத்தைப் பற்றிய சொல்லாக மட்டும் இருந்திருக்க முடியாது.

கத்தோலிக்கரிடையே பெரிய மாற்றத்துக்கு வித்திட்டது, 1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாட்டைப் பற்றி வெளியிட்ட கொள்கை விளக்கம். வேதப் புத்தகம் விசுவாசிகள் அனைவர்க்கும் எளிதிற் கிட்ட வேண்டும் என்று அது வற்புறுத்தியது. 1972 இற் பதுளை தனி மறைமாவட்டமாக்கப்பட்டபோது, கண்டியின் ஆயராயிருந்த லியோ நாணயக்கார, பழமையும் வசதியும் மிக்க அவ்வாசனத்தை விட்டு, வறிய இப்புது மறைமாவட்டத்துக்கு முதல் ஆயராக வந்தார். 1982 இல் மறையும்வரை இங்கேயே பணிபுரிந்தார். இத்தகைய தெரிவே சுவிசேஷ வியாக்கியானங்களுள் தலையாயதென்று கொள்ளத் தகும். வேதத்தைக் கூடி வாசிப்பதற்கென ஆசியத் திருச்சபைகளிற் பரவிய ஏழுபடி வாசிப்பு முறை தென்னாபிரிக்காவின் லும்கோ நிலையத்தில் உருவானது. அதன்படி, கூடியிருப்போர் ஆண்டவரை அழைத்து, பகுதியை வாசித்து, மனத்தைத் தொட்ட சொல்லை ஒவ்வொருவரும் உரக்கச் சொல்லி, சிறிதுநேரம் மௌனமாயிருந்து, உள்ளத்துட் கேட்டதைப் பகிர்ந்து, தாம் செய்ய வேண்டிய கருமத்தை ஆராய்ந்து, ஜெபத்துடன் கலைவர். இதன் சிறப்பு, படித்தவருக்கும் படியாதவருக்கும் அங்கே ஒரே இருக்கை என்பதே. கருமத்தை ஆராயும் ஆறாம் படியை விட்டுவிட்டால் எஞ்சுவது ஆறுதல் மாத்திரமே.

ஆயர் லியோவின் அழைப்பை ஏற்றுப் பண்டாரவளை 'சேவக செவன' குருத்துவக் கல்லூரியிற் பணியாற்றிய அருட்தந்தை மைக்கேல் ரொட்ரிகோ, பின்னர் மொனராகலை மாவட்டத்துப் புத்தலவில், சிங்கள பௌத்த விவசாயிகளின் நடுவே குடியேறினார். மதமாற்றத்தை நாடாமல், அவர்களுடைய வறுமையோடு தம்மைச் சேர்த்துக்கொண்டு வாழ்ந்த அவர், 1987 நவம்பர் 10 ஆந் தேதி, திருப்பலி நிறைவேற்றிய இடத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். தமிழ்த் தோட்டப்புறத்தைச் சேர்ந்த நிகழ்ச்சியன்றெனினும், ஊவாவிற் சுவிசேஷம் எவ்வாறு வாசிக்கப்பட்டது என்பதைக் கூறுமிடத்து இதை விட்டுவிட இயலாது.

2014 அக்டோபர் 29 ஆந் தேதி, கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து தொழிலாளரின் வரிசை வீடுகளாகிய லயங்களை மூடியது. அத்தகைய பேரிழப்பின் பின்னர், மாண்டோரின் பாவமே காரணமெனப் பேசுவார் எச்சமயத்திலும் உளர். லூக்கா பதின்மூன்றாம் அத்தியாயம் இதற்கு நேரே மறுமொழி கூறுகிறது: சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேரும் எருசலேமின் ஏனையோரினும் குற்றவாளிகள் அல்லர் என்று இயேசு மறுத்து, மனந்திரும்பும் கடமையை உயிரோடிருந்து கேட்பவர்கள்மேற் சுமத்துகிறார். 2005 இலும் 2011 இலும் மீரியபெத்தை ஆபத்தானதென எச்சரிக்கை விடுக்கப்பட்டும், மக்கள் அதே சரிவின் கீழ் இருக்க நேர்ந்தது. அந்த அத்தியாயத்தை ஊவாவில் வாசிப்பவர்கள், மனந்திரும்ப வேண்டியவர் யாவர் என்னும் கேள்வியைத் தோட்ட நிர்வாகத்திடமும் அரசாங்கத்திடமும் எழுப்புவதற்கு அவ்வத்தியாயமே அதிகாரமளிக்கிறது.