கோல சிலாங்கூர்த் தோட்டங்களில் போரின் தொடக்கம்

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினர். மலாயாவில் போர் தொடங்கியது. மாணவர் அனைவரும் கற்கும் செய்தி இது. ஆயின், கிள்ளான், கோல சிலாங்கூர் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் வெள்ளைத் துரைமாரின் ஆட்சி அதற்கு ஏழு திங்களுக்கு முன்பே ஆட்டங்கண்டுவிட்டது.

1939இல் ஐரோப்பாவில் போர் மூண்டதும் ரப்பரின் தேவை பெருகிற்று. விலைவாசியும் ஏறிற்று. கூலியோ அதற்கு ஈடாக உயரவில்லை. 1941இல் கிள்ளானில் வேலைநிறுத்தம் மூண்டு, வடக்கே கோல சிலாங்கூர் வரை பரவியது. ஆர். எச். நாதன் முன்னின்று வழிநடத்தினார். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, முறையான மருத்துவம், கள்ளுக்கடை ஒழிப்பு என்பன அவர்தம் கோரிக்கைகள். அவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. வயிற்றுக்குச் சோறு கேட்டவர்கள் மானத்தையும் சேர்த்தே கேட்டனர்.

மே திங்களில் நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். இந்தியச் சிப்பாய்கள் ஏவப்பட்டனர். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர்.

அடக்கியவர்களின் வலிமை அவ்வாண்டு முடியுமுன்னரே வெளிப்பட்டது. சாலைவழியே சைக்கிளில் விரைந்த ஜப்பானியப் படை, மேற்குக் கரையோரம் படகுகளிலும் வந்தது. 1942 ஜனவரித் தொடக்கத்தில் கோல சிலாங்கூரில் கரையிறங்க முயன்றபோது பீரங்கிகள் அதனைத் தடுத்தன. எனினும், பின்வழி துண்டிக்கப்படும் என்னும் அச்சம் பிரிட்டிஷ் படையை வாட்டியது. ஜனவரி 7இல் சிலிம் ரிவரில் அப்படை சிதறுண்டது. 11இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. துரைமார் தெற்கே ஓடினர். தொழிலாளரோ கூலியின்றி, போக்கிடமின்றி லயங்களிலேயே விடப்பட்டனர்.

வந்தவர்களும் மீட்பர்கள் அல்லர். அரிசி இறக்குமதி குன்றியது. மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர்; பலர் மீளவே இல்லை.

1945இல் துரைமார் திரும்பினர். பழைய அச்சம் திரும்பவில்லை. தோட்டந்தோறும் சங்கங்கள் எழுந்து, 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக ஒன்றிணைந்தன. ஆதலின், போர்க்கால வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள் 1941 டிசம்பரோடு அவ்வாண்டின் மே திங்களையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.